அதிகப்பிரசங்கி என்று சொல்வதற்கு முன்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் 31 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகள். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காக எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். வட்டார வள மையத்தில் உட்கார்ந்து அட்டை வெட்டியிருக்கிறேன், பாட்டுக் கற்றிருக்கிறேன், பொம்மை செய்திருக்கிறேன். அதில் ஒரு நாள்கூட வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றி யாரும் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் நன்றாகப் படிக்கிறதே, அதற்கென்ன குறை என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்ததில் ஒரு பிள்ளைக்கு நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கயல் என்று வைத்துக்கொள்வோம், அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. மூன்றாம் வகுப்பு. செயல்வழிக் கற்றல் நடந்துகொண்டிருந்த காலம் அது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் தமிழ்நாடு முழுக்க வந்த முறை. பெஞ்சு கிடையாது, எல்லாரும் பாயில்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப்படி. பிள்ளை தான் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து அதற்குரிய அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரோரம் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை ஓடும், ஆளுக்கு ஒரு கட்டம்.

கயல் அந்த ஏணியில் ஏறவில்லை, ஓடினாள். ஆடி மாதத்தில் மற்றவர்கள் இருந்த படிக்கும் அவள் இருந்த படிக்கும் நடுவில் ஒரு பருவம் இடைவெளி. எனக்குப் பெருமையாக இருந்தது. வகுப்புத் தலைவி ஆக்கினேன். பிறகு மற்றவர்களுடைய நோட்டைத் திருத்தச் சிவப்புப் பேனா கொடுத்தேன். பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொன்னேன். ‘குட்டி டீச்சர்’ என்று நான்தான் பெயர் வைத்தேன். அந்தப் பெயரைச் சொல்லும்போது மற்ற பிள்ளைகளின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்ததாக நினைவில்லை. எனக்கு அப்போது இன்னொரு வகுப்பு இருந்தது, பதிவேடு இருந்தது. அவள் என் வேலையைக் குறைத்தாள் என்பதும் உண்மை.

கார்த்திகையில் ஒரு நாள். கழித்தல் கணக்கு, கடன் வாங்கிக் கழிப்பது. அவள் தன் கட்டத்தில் 402-லிருந்து 157-ஐக் கழித்து 245 என்று எழுதினாள். எழுதிவிட்டு இடது பக்கம் பார்த்தாள். பக்கத்துக் கட்டத்தில் இரண்டு சிறுமிகள் தப்பாகப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கயல் உள்ளங்கையால் 245-ஐ அழித்தாள். கொஞ்ச நேரம் சாக்பீஸை விரலில் உருட்டினாள். அப்புறம் 355 என்று எழுதினாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்தால் வருகிற விடை. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் போடுகிற தப்பு அது. அந்தத் தப்பு எப்படி வரும் என்பதுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஏம்மா அழிச்சே?” என்று கேட்டேன். முதலில் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “தப்பாப் போட்டா அவங்க என்னைச் சேத்துக்குவாங்க டீச்சர்.”

அன்றைக்கு மதியம்தான் முதல்முறையாக அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று பார்த்தேன். கைபம்புக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, தனியாக. தட்டில் முட்டை அப்படியே இருந்தது. எத்தனை மாதமாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆயாம்மாவிடம் கேட்டேன். “பள்ளிக்கூடம் தொறந்ததுலேருந்து அங்கதான் டீச்சர். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

எனக்குத் தெரியாது. அவளுடைய ஏணிப்படி எண் தெரியும், எடை தெரியும், உயரம் தெரியும், வருகைப் பதிவு தெரியும். இது தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு அறிவு ஐந்தாம் வகுப்பில் இருந்தது, மனசு எட்டு வயதில்தான் இருந்தது. நான் அறிவைப் பார்த்து அவளைப் பெரிய மனுஷியாக நடத்தினேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டியதை, கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு தோழியை, நானே தட்டிப் பறித்தேன். தன் நோட்டில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போடுகிறவளோடு யார் கல்லாங்காய் ஆடுவார்கள்?

இந்த இடைவெளியைப் பற்றி வெகுகாலம் முன்பே எழுதியிருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் படித்தேன். லெட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் 1922-ல் நியூயார்க் நகரத்துப் பொதுப்பள்ளி ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று வகுப்பு அமைத்து, அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தவர். அறிவு ஒரு வயதிலும் உணர்ச்சி இன்னொரு வயதிலும் உடம்பு மூன்றாவது வயதிலும் இருக்கிற பிள்ளைக்குத் தடுமாற்றம் வரும், அதுவும் சின்ன வயதில்தான் அந்தத் தடுமாற்றம் கூடுதல் என்பது அவர் கண்டது. அதாவது, நம் கையில் பிள்ளை இருக்கிற அதே வயதில். கல்லூரிக்குப் போனால் தன்னைப் போல நாலு பேரைத் தேடிக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்பில் அந்த ஊரில் பிறந்த பதினைந்து பிள்ளைகளுக்குள்தான் தேட வேண்டும்.

நம் பக்கத்துக் கதையே ஒன்று இருக்கிறது. கும்பகோணத்தில் காங்கேயன் தொடக்கப்பள்ளியில் படித்த ராமானுஜன் 1897-ல் தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்ததை மேடையில் எல்லாரும் சொல்கிறோம். அதற்கு முன்னால் சென்னையில் கொஞ்ச காலம் படித்தபோது அவர் பள்ளிக்குப் போகவே மறுத்து, வீட்டார் ஒரு போலீஸ்காரரை வைத்துக் கொண்டுபோய் விட வேண்டியிருந்ததை யாரும் சொல்வதில்லை. கணக்குத் தேர்வில் கூடப் படித்த பையன் ஒரே ஒரு மதிப்பெண் கூடுதலாக எடுத்துவிட்டான் என்று அவனோடு பேசாமல், அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடியதையும் சொல்வதில்லை. பிறகு கல்லூரியில் கணக்கு தவிர மற்றதில் கவனம் போகாமல், ஆங்கிலத்தில் தேறாமல், உதவித்தொகை போய், 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். அப்போது அவருக்கு 17 வயது. அந்த மகா மேதையை நான் குறை சொல்லவில்லை. ஒரு மதிப்பெண்ணுக்காக அழுத அந்தப் பையன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. டிசம்பர் 22-ஆம் தேதி கணித தினம் கொண்டாடும்போது இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மேதையும் அழுவார் என்று தெரிந்துகொள்வது சில பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்.

அந்த அழுகையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கயலுக்குச் சில ஆண்டுகள் கழித்து, நாலாம் வகுப்பில் ஒரு பையன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு எழுத்து பிசகினால் ரப்பர் போட்டு அழிப்பான். திருப்தி வராது, மறுபடி அழிப்பான். தாள் கந்தலாகி ஓட்டை விழும். ஓட்டை விழுந்ததும் அந்தத் தாளையே கிழித்துவிடுவான். வருடத் தொடக்கத்தில் வாங்கிய 80 பக்க நோட்டு ஆவணி முடிவதற்குள் பாதியாகிவிட்டது. தெரியாத கேள்வி என்றால் வயிற்றுவலி. நிஜமாகவே வலிக்கும், நடிப்பில்லை. வீட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே “எங்க வீட்டு மூளைக்காரன்” என்று வளர்த்திருந்தார்கள். பள்ளியில் நாங்களும் அதையேதான் சொன்னோம்.

இந்தப் பாராட்டு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இது முழுக்க முழுக்க நம் வாயில் இருக்கிறது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இது. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எளிதான புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு சாராரிடம் “நீ புத்திசாலி” என்றார்கள், இன்னொரு சாராரிடம் “நன்றாக உழைத்தாய்” என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் பெரும்பாலும் சுலபமானதையே கேட்டார்கள். கடினமான புதிரில் தோற்ற பிறகு மறுபடி எளிதானதைக் கொடுத்தால், முன்பு செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே எழுதச் சொன்னபோது அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். பத்து வயதுப் பிள்ளை, முன்பின் தெரியாத ஒருவருக்காக, பொய் சொல்கிறது. புத்திசாலி என்ற பட்டம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவ்வளவு பெரியது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் கிழிந்த நோட்டுதான் கண் முன்னால் வந்தது. அன்றிலிருந்து கெட்டிக்காரன், புத்திசாலி, மூளைக்காரன் என்ற சொற்களை வகுப்பில் நிறுத்திக்கொண்டேன். சொல்லிப் பழகின வாய், சட்டென்று நிற்காது. “விடாமப் போட்டிருக்கியே”, “இந்த வழி எனக்குத் தோணலையே, எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று மாற்றிச் சொல்லப் பழகினேன். ஆனால் அந்தப் பையனைக் காப்பாற்றியது என் சொல் இல்லை, எங்கள் ஆயாம்மாதான்.

மழை நாள், வெளியே விட முடியவில்லை. ஆயாம்மா சமையல் வேலை முடித்துவிட்டு வராந்தாவில் சாக்பீஸால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டார். மூன்று புலிக்குப் புளியங்கொட்டை, பதினைந்து ஆட்டுக்குக் கூழாங்கல். அந்தப் பையன் வேடிக்கை பார்க்க வந்து, புலியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கணக்கில் அவனை ஜெயிக்கிற ஆள் அந்தப் பள்ளியில் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான். ஆயாம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பத்து நிமிடத்தில் மூன்று புலியையும் மூலையில் அடைத்துவிட்டார். பையனுக்கு முகம் சிவந்தது, உதடு துடித்தது. நான் அழப்போகிறான் என்று எழுந்தேன். ஆயாம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கல்லை எல்லாம் கூட்டி எடுத்துக்கொண்டே, “எங்க ஆத்தாகிட்ட நான் ரெண்டு வருசம் தோத்தேன்டா. ம், வைய்யி” என்றார். அவன் மறுபடி புலியை வைத்தான்.

அந்த மழைக்காலம் முழுக்கத் தோற்றான். தோற்றுத் தோற்றுத்தான், தோற்றால் ஒன்றும் ஆகிவிடாது என்பது அவன் உடம்புக்குத் தெரிந்தது. தையில் ஒரு நாள் ஆயாம்மாவின் ஐந்து ஆட்டை வெட்டினான். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு நூற்றுக்கு நூறு வாங்கின எந்த நாளிலும் நான் பார்க்காதது. நோட்டில் ஓட்டை விழுவது முழுக்க நிற்கவில்லை, குறைந்தது.

எல்லாமே சுலபமாக வருகிற பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு வரை ஒரு தோல்வியும் கிடைப்பதில்லை. முதல் தோல்வி ஒன்பதாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ வரும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தோற்று எழுந்த பழக்கமே இருக்காது. நாம் எட்டு வயதில், பத்திரமான இடத்தில், சின்னச் சின்னதாக அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு அதே மாதிரிக் கணக்கு இன்னும் இருபது கொடுப்பது வழியில்லை. சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனையாகத்தான் பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும். நிஜமாகவே திணறவைக்கிற ஒன்று வேண்டும். ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி, விடுகதை போடுவது, செஸ், தீக்குச்சிப் புதிர், எதுவானாலும் சரி. நாமும் உட்கார்ந்து திணற வேண்டும். “எனக்கும் தெரியலைடா, பாப்போம்” என்று ஆசிரியர் வாயால் கேட்பது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற பெரிய விடுதலை.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பெல்லாம் படுத்துவிட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பள்ளி திறந்த அன்று எல்லாப் பிள்ளையும் எங்க வீட்டு ஓடு பறந்தது, எங்க மாடு செத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், “மரத்துப் பொந்துல இருந்த கிளியெல்லாம் அன்னிக்கு ராத்திரி எங்க போயிருக்கும்?” என்று கேட்டாள். பதில் சொன்னேன், பறந்து போயிருக்கும் என்று. “அந்தக் காத்துல பறக்க முடியாதே டீச்சர்” என்றாள். மறுநாளும் கேட்டாள். ஒரு வாரம் கேட்டாள். ராத்திரி தூங்குவதில்லை என்று அவள் அம்மா வந்து சொன்னார். வகுப்பில் சிலர் அவளைக் ‘கிளி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஏழு வயதில் எழுபது வயதுக் கேள்வி வந்துவிடும் இந்தப் பிள்ளைகளுக்கு. சாவு, அநியாயம், பசி, கடவுள். அறிவு கேள்வியைக் கொண்டுவந்து போட்டுவிடும், அதைச் சுமக்கிற தெம்பு மனசுக்கு இன்னும் வந்திருக்காது. “சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்” என்று வாயை அடைத்தால் கேள்வி போகாது, நம்மிடம் சொல்வதுதான் போகும். நானும் முதல் நாள் அப்படித்தான் மழுப்பினேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அவளை உட்கார வைத்து, “ஆமாம்மா, நிறையச் செத்துத்தான் போயிருக்கும். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு” என்றேன். அழுதாள். நானும்தான். பிறகு, “இப்ப என்ன செய்யலாம்?” என்று அவளையே கேட்டேன். மிச்சமிருக்கிற கிளிக்கு உட்கார மரம் இல்லையே என்றாள். வகுப்பே சேர்ந்து பள்ளிக்குப் பின்னால் நாலு வேப்பங்கன்று வைத்தோம், ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தோம். தண்ணீர் ஊற்றுவது யார் என்று முறை போட்டபோது, அவளைக் கிளி என்று கேலி செய்த பையன்தான் முதல் ஆளாகக் கை தூக்கினான். அவள் தூங்க ஆரம்பித்தாள். இதற்கு மேல் உளவியல் எனக்குத் தெரியாது. உண்மையை மறைக்காமல் சொல்வது, கூட உட்கார்வது, கைக்கு ஒரு வேலை கொடுப்பது, இவ்வளவுதான் செய்தேன்.

இதுவரை சொன்ன மூன்று பிள்ளைகளும் நன்றாகப் படித்த பிள்ளைகள். கண்ணுக்குத் தெரிந்துவிட்டார்கள். தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு உள்ளுக்குள் கலக்கம்தான். நாம் பள்ளியில் அடிக்கடி சொல்கிற சொற்களை யோசித்துப் பாருங்கள்: அதிகப்பிரசங்கி, முந்திரிக்கொட்டை, வாயாடி, அடங்காப்பிடாரி. ஒரு கேள்விக்கு நாலு கேள்வி திருப்பிக் கேட்பவன், பாடம் நடக்கும்போது ஓட்டுச் சந்தில் குளவி கூடு கட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பவன், கதையைப் பிரமாதமாகச் சொல்லி எழுதச் சொன்னால் நாலு வரியில் நாற்பது பிழை விடுபவள். கடைசியில் சொன்ன பிள்ளைக்கு எழுத்து வாசிப்பில் கற்றல் குறைபாடும் அபாரமான அறிவும் சேர்ந்தே இருக்கலாம். ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். பிள்ளை தன்னை முட்டாள் என்றே நம்பி வளரும். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, வகுப்பில் பாதி நேரம் அவனுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு என்ன திறமை இருக்கிறது என்று தேர்வுத்தாள் காட்டாது.

தேர்வை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1921-ல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளைச் சோதித்து, நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) மிக அதிகமாக இருந்த ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் தேர்ந்தெடுத்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அந்தச் சோதனையில் தேறாமல் வெளியே நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். பிற்பாடு இயற்பியலுக்கு ஷாக்லி 1956-லும் ஆல்வரெஸ் 1968-லும் நோபல் பரிசு வாங்கினார்கள். அதனால் நம் பள்ளிகளில் சோதனை வைத்து இவன் மேதை, இவன் இல்லை என்று பிரிக்கிற வேலை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. எல்லாப் பிள்ளைக்கும் திணறுகிற மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், யார் விடாமல் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று தெரியும். பட்டம் எதுவும் கொடுக்காமலே கவனிக்கலாம்.

சரி, தோழமைக்கு என்ன வழி? கயலுக்கு வருகிறேன். சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டேன். தலைவி பொறுப்பை வாரம் ஒருவருக்கு என்று மாற்றினேன். அவளிடம், “இது என் தப்பு, உன் தப்பில்லை” என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். நான் யோசித்தே செய்யாத ஒன்றுதான் பிறகு கைகொடுத்தது. ஈராசிரியர் பள்ளியில் மூன்று, நாலு, ஐந்து மூன்றும் ஒரே அறையில்தான். அவள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒரே கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். விளையாட்டு நேரத்தில் தன் வயதுப் பிள்ளைகளோடு பாண்டி ஆட, ஆரம்பத்தில் நான் போய்ச் சேர்த்துவிட வேண்டியிருந்தது. பாண்டியில் அவள் சுமார்தான், நிறைய அவுட் ஆவாள். அதுவே அவளைச் சேர்த்துக்கொள்ளப் போதுமானதாக இருந்தது.

ஒரே தோழி எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்குப் பேச ஒருத்தி, ஓட ஒருத்தி என்று இரண்டு பேர் தேவைப்படலாம். பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துவதைப் பற்றி நாம் நிறைய வருத்தப்பட்டிருக்கிறோம். வருத்தம் நியாயம்தான், இரண்டு பேர் ஐந்து வகுப்புக்குப் போதாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த அறை நமக்கு வரம். வயதுக்குத் தோழியும் அறிவுக்குத் தோழியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள்.

‘டபுள் பிரமோஷன்’ பற்றிக் கேட்பீர்கள். எங்கள் அப்பா காலத்தில் சர்வ சாதாரணம். இரண்டிலிருந்து நாலுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பு என்பதை அடிப்படையாக வைத்த பிறகு அந்தப் பேச்சே குறைந்துவிட்டது. மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு மனசு கெட்டுவிடும் என்பது பொதுவான பயம். யோசித்துத் திட்டமிட்டுச் செய்தால் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. இருந்தாலும் நான் முழுசாகத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்காரட்டும், கதைக்கும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் திரும்பி வரட்டும். முக்கியமாக, பிள்ளையைக் கேளுங்கள். ஒரு மாதம் போய்ப் பார்க்கிறாயா, பிடிக்காவிட்டால் வந்துவிடலாம் என்று சொல்லுங்கள்.

கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற முறை. அதற்கு அப்போது பெரிய தேவை இருந்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் பக்கத்துப் பள்ளிக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே நடக்கிறது. ஆனால் மலருக்கு அப்புறம் என்ன? மலர் நிலையை ஜூலையிலேயே தாண்டிவிட்ட பிள்ளை மார்ச் வரை என்ன செய்யும்? பயிற்சித் தாளை முடித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கிள்ளும். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு நாம் வால் என்று பெயர் வைப்போம். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் கையேடு எழுதுகிறவர்கள் இதைப் படித்தால், மலருக்கு மேலே போன பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் பாடம் கொஞ்சமாக இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் மனசைப் பற்றி நாலு வரி இருக்கட்டும்.

பெற்றோர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, இந்த மடல் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் நம்மிடம்தான் வந்து கேட்பார்கள்: அபாகஸ் சேர்க்கலாமா, டிவி நிகழ்ச்சிக்கு அனுப்பலாமா, 1,330 குறளையும் ஒப்பிக்கவைக்கலாமா என்று. பிள்ளைக்கு ஆசை இருந்தால் எல்லாம் சரிதான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதே, “ராத்திரி நல்லாத் தூங்குதா? தெருவுல யாரோட வெளையாடுது?” என்று திருப்பிக் கேளுங்கள். விருந்தாளி வந்தால் எழுப்பி நிறுத்தி ஒப்பிக்கவைக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். அக்கா படிக்கிறாள் பார் என்று தம்பியை இடிப்பதையும்தான். அதில் அக்காவுக்கும் நஷ்டம். வீட்டிலேயே ஒரு தோழனை இழக்கிறாள்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாமல் இல்லை. எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவு, காலை உணவு, சத்துணவு, கலைத்திருவிழா, தேர்தல் பணி, கணக்கெடுப்பு. இதற்கு நடுவில் இன்னொரு பதிவேடு வைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. நான் கேட்பது பத்து நிமிடம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், தேநீருக்கு முன்னால், ஆளுக்கு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். முதலில் முடிக்கிற பிள்ளையோ, அதிகப்பிரசங்கி என்று நீங்கள் அலுத்துக்கொள்கிற பிள்ளையோ, யாராவது ஒருவர். அந்தப் பிள்ளை கடைசியாக எதற்கு அழுதது, எதில் தோற்றது, மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று சொல்லிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம், எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. மறுநாள் மதியம் மணி அடித்ததும் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உங்கள் பள்ளி ஆயாம்மாவையும் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஒருத்தி
தஞ்சாவூர் மாவட்டம்